களப்புக்கும் கடலுக்கும் நடுவில 12 கி.மீ. வீதி: வனஜீவராசி, வாழிட மதிப்பீட்டில என்னத்தைக் கேட்கிறது?

அடம்பன்கொடி

வணக்கம். இடம் முல்லைத்தீவுக் கரை. ஊர்ப்பெயர் இப்போதைக்கு வேண்டாம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு, நடுவில மணல் திட்டு. சில இடத்தில திட்டு 300 மீற்றர்கூட அகலமில்லை. இப்ப கிடக்கிறது 4 மீற்றர் கிரவல் பாதை. அதை 12 கிலோமீற்றருக்கு இரண்டு வழிக் காப்பற் வீதி ஆக்கப் போகினம். காப்பற் 7 மீற்றர், தோள் பக்கத்துக்கு ஒன்றரை மீற்றர், மொத்தம் மேற்பரப்பு 10 மீற்றர். இதில 4 கிலோமீற்றர் களப்பின்ர உவர்த்தரையைக் குறுக்கறுத்துப் போகுது. அந்தத் துண்டை 1.5 மீற்றர் உயர்த்தி, மூன்று இடத்தில 900 மில்லிமீற்றர் கியூம் (கொங்கிறீற்) பைப் வைக்கிறதெண்டு திட்டத்தில கிடக்கு.

பிரதேச செயலகக் கூட்டத்தில ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை அறிக்கையின்ர வரைவைக் காட்டிச்சினம். வனஜீவராசிப் பகுதி இரண்டரைப் பக்கம். ஆவணியில ஐந்து நாள் களத்தில நிண்டிருக்கினம். முடிவு: "அருகிவரும் இனங்கள் அவதானிக்கப்படவில்லை, தாக்கம் சிறியது, தற்காலிகமானது." ஆவணியில களப்பு வெடிச்சுக் காஞ்சு கிடக்கும். பூநாரை வாறது மழைக்குப் பிறகு.

வீதி வேண்டாமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. மார்கழியில அம்புலன்ஸ் வரேலாத ஊர். ஆனா எழுத்தில என்ன கேட்டா பதில் சொல்லியே ஆகவேண்டி வரும்? சட்டப்படி இந்த அறிக்கை காணுமோ? ஐந்து நாள் ஆய்வில என்ன பிழை எண்டு எப்பிடிக் காட்டுறது? சங்கமா நாங்களே எடுக்கக்கூடிய தரவு என்ன?

---

சுற்றுநிருபம்

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, வீதி முழுவதும் கரையோர வலயத்துக்குள் விழுகிறதா, ஒரு பகுதி வெளியே போகிறதா என்பது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கரையோர வலயம் என்பது சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர், தாழ்நீர் மட்டத்திலிருந்து கடல்பக்கமாக 2 கிலோமீற்றர். களப்பு கடலோடு நிரந்தரமாகவோ இடைக்கிடையோ தொடுத்திருந்தால் வாயிலிருந்து உட்பக்கமாக 2 கிலோமீற்றர் வரை வலயம் நீளும். உங்கள் களப்புக்குத் தொடுவாய் (கடலோடு சேரும் வாய்) இருப்பதால் இந்த இரண்டாவது விதியை மறக்க வேண்டாம். முழுவதும் உள்ளே என்றால் அனுமதி கரையோரம் பேணல் திணைக்களத்தின் வழியில் போகும். ஒரு பகுதி வெளியே என்றால் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் வழி. எந்த வழியில் போகிறது என்று வரைவில் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் முதல் கேள்வி அதுதான்.

தேசிய சுற்றாடல் சட்ட வழி என்றால் 1993 ஆனி 24ஆம் திகதி 772/22 இலக்க வர்த்தமானியை எடுங்கள். சுற்றாடல் மதிப்பீடு கட்டாயமான வேலைகளின் பட்டியல் அதில் இருக்கிறது. 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தேசிய, மாகாண நெடுஞ்சாலை அமைப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. "இது புதிய வீதி அல்ல, அகலிப்பு, அதுவும் பிரதேச சபை வீதி" என்று நழுவப் பார்ப்பார்கள். அந்த வாதத்தில் காலத்தைக் கரைக்காதீர்கள். அதே பட்டியலில் 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்புவதும் இருக்கிறது. வீதியின் வகுப்பு என்னவாக இருந்தாலும் நிரப்புகிற பரப்பு பரப்புத்தான். உங்கள் 4 கிலோமீற்றர் அணை எத்தனை ஹெக்டேயரைப் புதைக்கிறது என்று பொறியியல் தெரிந்த ஒருவர் கணக்குப் போட்டுத் தரட்டும்.

அடுத்தது பாதுகாக்கப்பட்ட பிரதேசம். இங்கேதான் ஆட்கள் குழம்புவது. சரணாலயம் வேறு, தேசிய ஒதுக்கு வேறு. கொக்கிளாய் 1951இலிருந்து சரணாலயம். அப்படியான இடத்துக்குள்ளோ எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள்ளோ திட்டம் வந்தால், பட்டியலிலுள்ள வேலை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் மதிப்பீட்டுக்குள் வரும். சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்காக வர்த்தமானியில் வந்தது. இவை தேசிய ஒதுக்கு வகை. இவற்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அபிவிருத்தி வேலை என்றால் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 9அ பிரிவு வரும். வனஜீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி தனியாக வேண்டும். எல்லையை ஆட்களிடம் விசாரித்து எழுதாதீர்கள். வர்த்தமானி அட்டவணையிலுள்ள எல்லையை வீதியின் கோட்டோடு ஒரே வரைபடத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பல அறிக்கைகளில் இந்த ஒரு படம்தான் இருக்காது.

துண்டு போடுவதையும் கவனியுங்கள். அடுத்த 9 கிலோமீற்றர் "இரண்டாம் கட்டம்" என்று எங்காவது அடிக்குறிப்பில் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மதிப்பிடச் சொல்லுங்கள்.

கடைசியாக: முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்குத்தான் 30 வேலை நாள் பொதுமக்கள் கருத்துக் காலம் கட்டாயம். ஆரம்பப் பரிசோதனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே கூட்டத்தில் வாயால் சொன்னது எங்கும் பதிவாகியிருக்காது. எழுத்தில், பதிவுத் தபாலில் கொடுங்கள். அடிப்படைத் தகவல் வினாக்கொத்து (திட்டக்காரர் முதலில் நிரப்பிக் கொடுக்கும் படிவம்), ஆய்வுக்கான பணிப்பு விதிமுறை, திட்ட அங்கீகார நிறுவனம் எது என்ற கடிதம் மூன்றையும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். வீதி போடுகிற நிறுவனமே அங்கீகார நிறுவனமாகவும் இருக்க முடியாது என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

---

மதகடி

சுற்றுநிருபம் கேட்ட கணக்கு இது.

மேல் அகலம் 10 மீற்றர், உயரம் 1.5, பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டு. அப்ப அடியகலம் 10 + 3 + 3 = 16 மீற்றர். 4,000 மீற்றருக்கு 6.4 ஹெக்டேயர். பழைய பாதை பிடிச்சிருக்கிற 1.6 ஹெக்டேயரைக் கழிச்சாலும் புதுசாப் புதையிறது 4.8. நாலு ஹெக்டேயர் எல்லையைத் தாண்டுது. வேலை நடக்கேக்க இயந்திரம் திரும்ப, மண் கொட்ட இரண்டு பக்கமும் இன்னும் அஞ்சு அஞ்சு மீற்றர் மிதிபடும். அதை ஒருத்தரும் கணக்கில எடுக்கிறேல்லை.

இனி மண். குறுக்குவெட்டு 19.5 சதுர மீற்றர், 4 கிலோமீற்றருக்கு 78,000 கன மீற்றர். ஒரு கியூப் 2.83 கன மீற்றர் எண்டா 27,500 கியூப்புக்குக் கொஞ்சம் கூட. இறுக்கிறதுக்கு 20 வீதம் சேர்த்தா 33,000. மூன்று கியூப் டிப்பரில 11,000 லோட். இந்தக் கிரவல் எங்கயிருந்து வரும்? கரையில கிரவல் இல்லை. உள்ளுக்கு, காட்டோரத்தில கிண்ட வேணும். அந்தக் கிடங்கு, அதுக்குப் போற பாதை, யானை நடமாட்டம், மழைக்குத் தண்ணி நிண்டு கன்றுகாலியும் காட்டுமிருகமும் விழுகிற குழி, இது எல்லாம் இதே திட்டத்தின்ர தாக்கம். "ஒப்பந்தகாரர் அனுமதி பெற்ற இடத்திலிருந்து பெறுவார்" எண்ட ஒற்றை வரியோட விட்டிருப்பினம். இடம், பரப்பு, மூடுற திட்டம் கேளுங்கோ. கிரவல் தூரமெண்டு ஒப்பந்தகாரர் பக்கத்து மணல் மேட்டையே தள்ளிப் போட்டு நிரப்புறதும் நடக்கிறதுதான். "வீதிக்கோட்டிலயிருந்து கடல்பக்கமா மண் எடுக்கக்கூடாது" எண்டு நிபந்தனையில தனி வரியா வர வேணும்.

எனக்குப் பறவையை விடத் தண்ணிதான் கவலை. தண்ணி பிழைச்சா பறவை தானாப் போகும்.

எங்கட கரையில வற்று பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. களப்பு மட்டத்தை ஏத்தி இறக்கிறது மழையும் காத்தும் தொடுவாயும். ஐப்பசியில மழை விழ, உள் ஆறுகள் கொண்டுவந்து நிரப்பும். உவர்த்தரை முழுக்க முழங்காலுக்குக் கீழ ஒரு படையாத் தண்ணி நகரும். அது வாய்க்காலில ஓடுற தண்ணி இல்லை, பரந்து போற தண்ணி. இதுக்குக் குறுக்கால அணை போட்டு மூன்று பைப் வைக்கிறதைப் பாருங்கோ: 900 மில்லிமீற்றர் பைப் ஒண்டின்ர வாய் 0.64 சதுர மீற்றர், மூண்டும் சேர்த்து 1.9. இப்ப அந்த நாலு கிலோமீற்றரில ஆகத் தாழ்ந்த 400 மீற்றரில மட்டும் 30 சென்ரிமீற்றர் தண்ணி நிண்டாலே போற பாதை 120 சதுர மீற்றர். 120ஐ மறிச்சுப்போட்டு 1.9 திறக்கினம்.

பிறகு என்ன நடக்கும்? மேற்பக்கம் தண்ணி தேங்கி வயலுக்கும் வளவுக்கும் ஏறும். சனம் வந்து தொடுவாயை நேரத்துக்கு முதல் வெட்டச் சொல்லும். வெட்டினா களப்பு வழமையை விட முந்தி இறங்கும். இறால் குஞ்சு உள்ள வந்து வளருற காலம் குறையும். கீழ்ப்பக்கம் நன்னீர் வராமல் உப்புக் கூடும், உமரி மட்டும் மிஞ்சும், பிறகு அதுவும் கருகி வெள்ளைத் தரையாகும். பைப்புக்குள்ளால தண்ணி பாய்ஞ்சு வெளிவாயில கிடங்கு பறிக்கும். இரண்டு மாரி போனா பைப்பின்ர அடி கீழ்த்தரையை விட அரை முழம் உயரத்தில தொங்கும். மீனும் இறாலும் மேல ஏறேலாது. கோடையில அந்தக் கிடங்கில மட்டும் தண்ணி நிண்டு, அகப்பட்ட மீனைக் காகமும் நாயும் தின்னும்.

கேட்க வேண்டியது: குறைஞ்சது ஒரு மாரியின்ர நீர்மட்ட அளவீடு, இரண்டு பக்கமும். நீர் ஓடுற இடங்களைச் சேத்துத் தடத்தை வச்சு வரைஞ்ச படம். பைப்புக்குப் பதிலாப் பெட்டி மதகு, அடித்தளம் களப்புத் தரைக்கு 20 சென்ரிமீற்றர் கீழ, உள்ள மண் தானாப் படிய. 3 மீற்றர் அகலம் 1.5 உயரப் பெட்டி ஒண்டு 4.5 சதுர மீற்றர். எத்தனை வேணுமெண்டு மட்ட அளவீடுதான் சொல்லும். சும்மா "500 மீற்றருக்கு ஒண்டு" எண்டு சம தூரத்தில வைக்கிறது மேசையில இருந்து கீறினது. ஆகத் தாழ்ந்த துண்டுக்கு அணையே வேண்டாம், தாம்போதி போடச் சொல்லுங்கோ.

---

பாலைமரம்

தாம்போதி எண்டா வெள்ளத்தில வீதிக்கு மேலால தண்ணி பாயும். அப்ப அம்புலன்ஸ்? எல்லாரும் கொக்குக்கு வழி தேடுறீங்கள், கர்ப்பிணிக்கு வழி எங்க? வீதி உயர்ந்தாத்தான் பிரயோசனம்.

---

மதகடி

நியாயமான கேள்வி. தாம்போதியில ஒரு சாணுக்குள்ள தண்ணி போகேக்க, ஓரக்கட்டையும் அளவுக் கம்பமும் இருந்தா கனரக வாகனம் போகும். அதுக்கு மேல போனா நிப்பாட்ட வேணும். அது வருசத்தில எத்தனை நாள் எண்டு சொல்லத்தான் நீர்மட்ட அளவீடு. மூண்டு நாளெண்டா ஒரு கதை, இருபது நாளெண்டா வேற கதை. இருபது எண்டு வந்தா அந்தத் துண்டுக்குத் தூண் வச்ச பாலம் கேட்கலாம். கேட்கிறதுக்குக் கையில இலக்கம் இருக்கும். மற்றது, மூண்டு பைப்போட உயர்த்தின அணை வெள்ளத்தைத் தேக்கி உடைஞ்சா அம்புலன்ஸ் மூண்டு நாளில்லை, மூண்டு மாசம் வராது.

இன்னொரு மாற்று வழியையும் அறிக்கை பாத்திருக்க வேணும்: களப்புக்கு உள்பக்கத்தில ஏற்கனவே உள்ள வீதியைத் திருத்தி, ஊர்களுக்குக் கிளைப் பாதை போடுறது. 12 கிலோமீற்றர் நேர்கோடு வேணுமா, ஆஸ்பத்திரிக்குப் போக வழி வேணுமா எண்டு பிரிச்சுக் கேளுங்கோ. "திட்டம் இல்லாத நிலை" எண்டு ஒரு பந்தியும் "தெரிவுசெய்யப்பட்ட பாதை" எண்டு ஒரு பந்தியும் எழுதிப்போட்டு மாற்று ஆராய்ந்தாச்சு எண்டு சொல்லுறது செல்லாது.

---

உப்புக்கொத்தி

ஆவணி ஆய்வைப் பற்றி.

இந்தக் கரையில ஒரு வருசத்தில நாலு தரம் வேற வேற உயிர்கள் தரையைப் பாவிக்குது. ஒரு மாசத்தில பாத்தா மற்ற மூண்டும் தெரியாது. புரட்டாதி, ஐப்பசியில வலசைப் பறவை இறங்கத் தொடங்கும். தை, மாசியில மழைத்தண்ணி வத்தி, சேறு வெளியில வரேக்க எண்ணிக்கை உச்சம்: பூநாரை, ஊசிவால் வாத்து, மூக்கன், உள்ளான் வகை. பங்குனி, சித்திரையில வடக்க திரும்பிற கூட்டம். சித்திரைக்குப் பிறகு ஆடி வரைக்கும் வெறுந்தரையில முட்டையிடுற உள்ளூர்ப் பறவை. ஆவணி எண்டது இது எல்லாம் முடிஞ்ச, அல்லது இன்னும் தொடங்காத மாசம். வேணுமெண்டு தெரிஞ்செடுத்தாலும் இதைவிட வெறுமையான கிழமை கிடைக்காது.

ஆகவே கேட்க வேண்டியது குறைஞ்சது நாலு சுற்று: புரட்டாதிக் கடைசி, தை நடு, பங்குனிக் கடைசி, வைகாசி. ஒவ்வொரு சுற்றிலயும் அண்டைக்குக் களப்பு நீர்மட்டம் எவ்வளவு எண்டு எழுத வேணும். நீர்மட்டம் இல்லாத பறவைக் கணக்கு இந்த இடத்தில அரைக் கணக்கு. தண்ணி கூடின வருசம் பறவை வேற களப்புக்குப் போயிருக்கும். அதைப் பாத்து "இங்க பறவை குறைவு" எண்டு எழுதிப்போடுவினம்.

நீங்களே செய்யக்கூடியது. வீதிக்கோட்டில 500 மீற்றருக்கு ஒரு நிலையான புள்ளி, போனில ஆள்கூறு குறிச்சு வையுங்கோ. ஒவ்வொண்டிலயும் காலையில பத்து நிமிசம், வெயில் ஏற முதல், சூரியன் முதுகுக்குப் பின்னால. கானல் எழும்பினாப் பிறகு எண்ணாதேங்கோ, உள்ளானும் உப்புக்கொத்தியும் ஒண்டாத்தான் தெரியும். கண்டதை மூண்டு பட்டையாப் பிரிச்சு எழுதுங்கோ: வீதியிலயிருந்து 100 மீற்றருக்குள்ள, 100 தொடக்கம் 300, 300 தொடக்கம் 500. இந்தப் பிரிப்புத்தான் பிறகு உதவும். "களப்பில 2,000 பறவை" எண்டா "களப்பு பெரிசு, அங்கால போகும்" எண்டு பதில் வரும். "அதில 1,400 வீதிக்கோட்டிலயிருந்து 300 மீற்றருக்குள்ள மேயுது" எண்டா அந்தப் பதில் சொல்லேலாது. பெரிய கூட்டத்தை ஒண்டொண்டா எண்ணாமல் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்குதெண்டு கண்ணுக்கு எடுத்து, அந்த அளவால கூட்டத்தை அளவுங்கோ. இரண்டு பேர் தனித்தனிய எண்ணி, பிறகு ஒப்பிடுங்கோ. ஒரு இனத்தின்ர வலசைத் தொகையில ஒரு வீதத்துக்கு மேல ஒரு களப்பில ஒழுங்கா நிக்குதெண்டா அது ராம்சார் (சர்வதேச ஈரநில உடன்படிக்கை) அளவுகோல். மன்னார் வங்காலை 2010இல ராம்சார் பட்டியலில ஏறினது. எங்கட பக்கக் களப்புகளை அந்த அளவுகோலால அளந்து பாக்க ஆவணிக் கணக்கு உதவாது.

வீதி வராத, இதே மாதிரியான இன்னொரு 3 கிலோமீற்றர் துண்டிலயும் அதே கிழமை எண்ணுங்கோ. வீதி வந்தாப் பிறகு எண்ணிக்கை குறைஞ்சா, அது வீதியாலயோ அந்த வருச மழையாலயோ எண்டு பிரிச்சுச் சொல்ல வேற வழியில்லை.

தரையில முட்டையிடுறதுகள்தான் அறிக்கையில எப்பவும் தப்பிப் போறது. என்ர பெயர்க்காரனையே எடுங்கோ. இலங்கையிலயும் தென்னிந்தியாவிலயும் கூடு வைக்கிற சின்ன உப்புக்கொத்தியைக் கெண்டிஷ் இனத்தின்ர கிளையெண்டுதான் கனகாலம் எழுதினது. 2023இல அனுமன் உப்புக்கொத்தி எண்டு தனி இனமாப் பிரிச்சாச்சு. பழைய பட்டியலைப் பாத்து எழுதினவைக்கு அது "பரவலாகக் காணப்படும் வலசைப் பறவை". அதின்ர கூடு எண்டு ஒண்டு கட்டுறேல்லை. காஞ்ச தரையில குதிக்கால் பதிஞ்ச அளவு பள்ளம், சிப்பித் துண்டு கொஞ்சம், மண் நிறத்தில கறுப்புக் கீறல் போட்ட முட்டை இரண்டோ மூண்டோ. பக்கத்தில நிண்டு பாத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தாய் செட்டையை இழுத்துக்கொண்டு நொண்டிற மாதிரி ஓடினா அங்கயே நில்லுங்கோ, ஒரு அடி வையாதேங்கோ. சின்ன ஆலாவும் இதே தரையில, கூட்டமா. இயந்திரம் விட ஒப்பந்தகாரருக்கு வசதியான மாசமும் சித்திரை தொடக்கம் ஆடிதான், தரை காஞ்சிருக்கும். அதால உவர்த்தரைத் துண்டில மண்வேலை ஆடிக் கடைசியில தொடங்கி மழைக்கு முதல் முடியிற மாதிரி அட்டவணை கேளுங்கோ. நெருக்கமான காலம்தான், ஆனா நாலு கிலோமீற்றருக்கு முடியும்.

முலையூட்டிக்குப் பகல் நடை காணாது. நரி, மீன்பிடிப் பூனை, நீர்நாய் எல்லாம் இரவு, விடியப்புறம். கமெராப் பொறி இல்லாட்டிப் பரவாயில்லை: பாதைக்குக் குறுக்கால ஒரு மீற்றர் அகலத்துக்கு மணலை அரிச்சுப் பரவிச் சீவி விடுங்கோ, பின்னேரம். விடிய வெயில் சாய்வா விழேக்க தடத்தைப் பக்கத்தில ஒரு அடிமட்டம் வச்சுப் படம் எடுங்கோ. காத்து எழும்பினா பத்து மணிக்கு ஒண்டும் மிஞ்சாது. கமெரா கிடைச்சா முழங்கால் உயரம், கிழக்கு மேற்கு பாக்காம வடக்கு தெற்கு பாக்க, ஒரு இடத்தில 30 இரவு. எங்கட வெக்கையில உடற்சூட்டை உணருற கமெரா பகலில தவறவிடும். சுற்றாடல் சூடும் மிருகத்தின்ர சூடும் கிட்டக்கிட்ட வந்திடும். கடற்கரையில உப்பு ஏறி இணைப்பு துருப்பிடிக்கும், கிழமைக்கொருக்காத் துடைக்க வேணும்.

வீதியில அடிபடுறதுக்குக் கணக்கு: இப்ப கிடக்கிற கிரவல் பாதையிலயே தொடங்குங்கோ. காகம் எழும்ப முதல், நடந்து. முதல் மழை விழுந்த இரவுக்கு அடுத்த விடியல் கட்டாயம். தவளை, பாம்பு, நட்சத்திர ஆமை எல்லாம் அண்டைக்குத்தான் வெளிக்கிடும். சின்னத் தவளைச் சடலம் சில மணித்தியாலத்தில காணாமல் போகும், அதால நீங்கள் எண்ணினது உண்மைத் தொகையை விடக் குறைவெண்டு எழுதிவிடுங்கோ. காப்பற் போட்டா வேகம் கூடும், இரவில சூடு பிடிச்ச தார் பாம்பை இழுக்கும்.

ஒரு முக்கியமான விசயம். பாதையை விட்டுப் பற்றைக்குள்ள இறங்க முதல், அந்தத் துண்டு கண்ணிவெடி அகற்றி ஒப்படைச்ச நிலமோ எண்டு கிராம அலுவலர், பிரதேச செயலகம் மூலம் எழுத்தில உறுதிப்படுத்துங்கோ. அடையாளப் பலகை இல்லை எண்டது உறுதி இல்லை. ஆய்வு செய்ய வந்தவை எந்த இடத்தில இறங்கினவை, எந்த இடத்தை வீதியில நிண்டு பாத்தவை எண்டும் கேளுங்கோ. ஐந்து நாள் ஆய்வில பாதி காருக்குள்ளயிருந்து நடந்திருக்கக்கூடும்.

---

வாடிக்காற்று

கடல்பக்கத்தை ஒருவரும் தொடவில்லை.

ஆமை. இலங்கைக் கரைக்கு முட்டையிட வருவது ஐந்து இனம். தெற்கு, தென்மேற்குக் கரையளவுக்கு எங்கள் பக்கம் அடர்த்தியில்லை என்பது "ஆமை இல்லை" என்று எழுதக் காரணமாகாது. விடியப்புறம், கரைவலைக்காரரின் உழவு இயந்திரம் மணலில் இறங்க முதல் நடக்க வேண்டும். அதற்குப் பிறகு தடம் எல்லாம் டயர்த் தடம்தான். தடத்தின் அகலத்தை அளவுங்கள். இடம் வலம் மாறி மாறிப் பதிந்து முக்கால் மீற்றர் அளவில் இருந்தால் பங்குனி ஆமையாகவோ அழுங்காமையாகவோ இருக்கலாம். இரண்டு துடுப்பும் ஒன்றாகப் பதிந்து ஒரு மீற்றர் அளவில் இருந்தால் பேராமை. ஏறி, கிண்டாமல் திரும்பிய தடத்தையும் தனியாகக் குறியுங்கள், வெளிச்சத்துக்குத் திரும்பியிருக்கலாம். கூட்டின் ஆள்கூறைப் பொதுவெளியில் போடாதீர்கள், முட்டை எடுக்க வருபவருக்கும் போன் இருக்கிறது.

கரையோர வீதியில் ஆமைக்கு முதல் எதிரி சக்கரமில்லை, விளக்கு. குஞ்சு பொரித்து மேலே வந்ததும் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடல். வீதியில் வெள்ளை எல்.ஈ.டி. எரிந்தால் அது வீதி. திட்டத்தில் விளக்குக் கம்பம் இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்மனைக்குள் மட்டும், தாழ்ந்த கம்பம், கடல்பக்கம் மறைப்பு, மஞ்சட் செம்மை நிற ஒளி என்று கேட்கலாம். ஊரில்லாத துண்டில் விளக்கே வேண்டாம். வாகன விளக்கை மறைப்பது மணல் மேடும் தாழம்பற்றையும். அதைத் தட்டையாக்கினால் பிறகு எந்த விதியும் உதவாது.

மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பது இராவணன் மீசையும் அடம்பனும். வீதிக்கோடு மேட்டின் முதுகில் போனால் வேர் போகும், வாடைக் காற்றில் மணல் காப்பற்றுக்கு மேல் ஏறும், மாரிக்கு மாரி இயந்திரம் கொண்டு தள்ளுவார்கள், தள்ளிய மணல் களப்புப் பக்கம் விழும். பராமரிப்புச் செலவை வைத்தே இந்த வாதத்தைச் சொல்லுங்கள். பொறியியலாளர் வனஜீவராசி அத்தியாயத்தைவிட அதைக் கவனமாக வாசிப்பார். கோடு மேட்டுக்குப் பின்னால் விலக வேண்டும். 2004 சுனாமியில் மேடு இருந்த இடமும் இல்லாத இடமும் எப்படிப் போனதென்று இந்தக் கரையில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை.

கரைவலைப் பாடுகளை (வலை இழுக்கும் இடங்களை) வரைபடத்தில் போட்டிருக்கிறார்களா? 1.5 மீற்றர் அணை வந்தால் வாடியிலிருந்து கரைக்கு வலை ஏற்றிப் போகச் சரிவு வழி வேண்டும். கொடுக்காவிட்டால் ஆட்கள் தாங்களாகவே மேட்டை வெட்டி வழி எடுப்பார்கள். அதுவும் வீதியின் தாக்கம்தான்.

வீதியோடு பின்னால் வருவதையும் எழுதச் சொல்லுங்கள்: மின்கம்பி களப்புக்குக் குறுக்கால் போனால் மங்கல் வெளிச்சத்தில் பூநாரையும் கூழைக்கடாவும் அடிபடும், மணல் லொறி, வேலி, குப்பை. குப்பை வந்தால் காகமும் நாயும் வரும், உப்புக்கொத்தி சொன்ன தரைக்கூடுகள் முதலில் போவது அவற்றுக்குத்தான். வெளியிலிருந்து வரும் இயந்திரச் சக்கரத்தில் சீமைக் கருவேல் விதையும் வரும். வேலைக்கு இறங்க முதல் கழுவச் சொல்லுவது சின்ன நிபந்தனை, செலவில்லை.

---

அடம்பன்கொடி

எல்லாருக்கும் நன்றி. இரண்டு விசயம் சொல்ல மறந்திட்டன். ஒண்டு, இப்ப இருக்கிற பாதையிலயே பழைய பைப் ஒண்டு கிடக்கு, மண் மூடி அடைச்சுப் போச்சு. அதுக்கு மேற்பக்கம் கண்ணா (வெண்கண்டல்) பற்றை ஒரு ஏக்கர் அளவில பட்டு நிக்குது. இரண்டு, வரைவில "ஈடு செய்யும் நடவடிக்கை" எண்டு 5,000 கண்டல் கன்று களப்பு ஓரத்தில நடுவம் எண்டு போட்டிருக்கினம். சங்கத்தில கன பேருக்கு அது நல்லதாப் பட்டுது.

---

உப்புக்கொத்தி

கண்டல் நடுற கதையை உடன நிப்பாட்டுங்கோ. இலங்கையில 23 இடங்களில நட்ட கண்டலைப் பாத்த ஆய்வொண்டு 2017இல வந்தது. 1,000 தொடக்கம் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில தப்பினது 200, 220 தான். 9 இடத்தில ஒரு கன்றுகூட மிஞ்சேல்லை. காரணம் பெரும்பாலும் பிழையான இடம், பிழையான இனம், பிறகு பாக்க ஆளில்லை. எங்கட உவர்த்தரை வருசத்தில பாதி காஞ்சு, உப்புப் பூத்துக் கிடக்கிறது. அதில நீட்டுக் காய்க் கண்டலைக் குத்தினா வைகாசிக்குள்ள விறகு. தப்பினாலும் நட்டம்: அந்த வெறுஞ்சேறுதான் உள்ளானும் பூநாரையும் மேயுற இடம், பற்றை வளர்ந்தா அதுகள் இறங்காது. ஒரு வாழிடத்தைப் புதைச்சுப்போட்டு அதுக்கு ஈடா இன்னொரு வாழிடத்தையும் மூடுறது எப்பிடி ஈடாகும்?

ஈடு வேணுமெண்டா உங்கட முதல் விசயமே ஈடு. அந்த அடைச்ச பைப்பை எடுத்துப் பெட்டி மதகு போட்டுத் தண்ணியை விடச் சொல்லுங்கோ. வேர் முழுக்கச் சாகாட்டி வெண்கண்டல் அடியிலயிருந்து துளிர்க்கும், விதையும் தண்ணியோட தானா வரும். பட்டுப்போன பற்றையை மூண்டு பக்கத்தால படம் எடுங்கோ, பைப்பையும் அதில வாற மாதிரி. கூகிள் ஏர்த்தில பழைய வருசப் படத்துக்குப் பின்னால போய், பாதை உயர்த்த முதல் அந்த இடம் பச்சையா இருந்ததோ எண்டு பாருங்கோ. அதே படங்களில தொடுவாய் வருசத்துக்கு வருசம் எவ்வளவு நகர்ந்திருக்கெண்டும் தெரியும். பாலமோ மதகோ ஒரு இடத்தில கட்டினாப் பிறகு வாய் வேற இடத்தில உடைக்கிறதுதான் வழமை.

---

மதகடி

அந்த அடைச்ச பைப் உங்களுக்குக் கிடைச்ச பெரிய சாட்சி. ஒரு பைப்பே இதைச் செய்திருக்கு எண்டா மூண்டு பைப்போட நாலு கிலோமீற்றர் என்ன செய்யும் எண்டு அவை சொல்லட்டும். பட்ட பற்றையின்ர பரப்பை போனைக் கையில பிடிச்சுச் சுத்தி நடந்து அளந்து போடுங்கோ, "ஒரு ஏக்கர் அளவில" எண்டு எழுதாதேங்கோ.

இந்த ஐப்பசிக்கு முதல் இரண்டு அளவுக் கம்பம் நடுங்கோ, அந்தப் பைப்புக்கு இரண்டு பக்கமும். இரண்டங்குலக் கல்வனைஸ் குழாய், நிலத்துக்குள்ள ஒரு மீற்றர், வெளியில ஒன்றரை, சென்ரிமீற்றர் கோடு எனாமல் பெயின்றில. இரண்டின்ர பூச்சியமும் ஒரே மட்டத்தில இருக்க வேணும். ஒளிபுகு பிளாஸ்ரிக் குழாயில தண்ணி விட்டு, மேசன்மார் மட்டம் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சா ஒரு சென்ரிமீற்றருக்குள்ள வரும். குழாயில காத்துக் குமிழ் நிண்டாப் பிழைக்கும், பாத்து வெளியேத்துங்கோ. ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு, காத்து எழும்ப முதல், ஒரே ஆள் வாசிச்சுக் கொப்பியில எழுதட்டும். உப்பளக்கிற கருவி ஒண்டு நாரா (தேசிய நீரியல் வள ஆய்வு நிறுவனம்) ஆக்களிட்டயோ பல்கலைக்கழக மீன்பிடித் துறையிலயோ இரவலாக் கேட்டு, கிழமைக்கொருக்கா இரண்டு பக்கமும் பாருங்கோ. தொடுவாய் வெட்டின திகதி, நேரம் கட்டாயம் எழுத வேணும், இல்லாட்டி மட்டம் திடீரெண்டு விழுந்ததுக்குக் காரணம் பிறகு தெரியாது.

அந்தக் கொப்பியை வச்சு அனுமதி நிபந்தனையில இதைக் கேளுங்கோ: வேலை நடக்கேக்கயும் முடிஞ்சு மூண்டு மாரிக்கும் இதே மாதிரி இரண்டு பக்க அளவீடு, வித்தியாசம் 10 சென்ரிமீற்றருக்கு மேல தொடர்ந்து மூண்டு நாள் நிண்டா ஒப்பந்தகாரர் தன்ர செலவில மேலதிக மதகு வைக்கிறது, அந்தச் செலவுக்கு ஒப்பந்தத் தொகையில ஒரு பங்கு பிடிச்சு வைக்கிறது. "கண்காணிக்கப்படும்" எண்டு மட்டும் எழுதினா ஒருத்தரும் கண்காணிக்க மாட்டினம். கம்பம் நடேக்க கன்றுகாலி உரஞ்சிச் சரிக்கும், சுத்திவர நாலு பனங்கட்டை அடிச்சு விடுங்கோ.